அகாடமியின் நடிகர் பிரிவு உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்: சோங் காங்-ஹோவை நிதானமாகப் பாருங்கள்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். 2020 பிப்ரவரி 9 அன்று கொரியப் படமான 'பாரசைட்' நான்கு ஆஸ்கர் விருதுகளை வாங்கியது: சிறந்த படம், இயக்கம், அசல் திரைக்கதை, சர்வதேசப் படம். படத்தொகுப்புக்கும் கலை இயக்கத்துக்கும் பரிந்துரை மட்டும் கிடைத்தது. ஆக மொத்தம் ஆறு பரிந்துரைகள். அந்த ஆறில் நடிப்புக்கென்று ஒன்றுகூட இல்லை. எழுதியவரையும் இயக்கியவரையும் வெட்டித் தொகுத்தவரையும் வீட்டைக் கட்டி நிறுத்தியவரையும் அந்தந்தப் பிரிவினர் அடையாளம் கண்டார்கள். நடித்தவர்களை அடையாளம் காணும் பொறுப்பு, அகாடமி விதிப்படி, உங்கள் பிரிவுக்கு மட்டுமே உரியது. அதனால்தான் இந்த மடல் உங்களுக்கு.

இது அந்த ஒரு படத்தோடு நின்ற விஷயமாக இருந்தால் எழுதியிருக்க மாட்டோம். 'தி லாஸ்ட் எம்பரர்' ஒன்பது பரிந்துரை பெற்று ஒன்பதையும் வென்றது. நடிப்புக்கு ஒன்றும் இல்லை. 'க்ரவுச்சிங் டைகர், ஹிடன் டிராகன்' பத்துப் பரிந்துரை பெற்றது. நடிப்புக்கு ஒன்றும் இல்லை. எங்கள் ஏ.ஆர். ரஹ்மான் இரண்டு சிலைகளோடு மேடையிலிருந்து இறங்கிய 2009-லும் 'ஸ்லம்டாக் மில்லியனர்' பத்துப் பரிந்துரை பெற்றிருந்தது, நடிப்புப் பிரிவுகளில் மட்டும் இல்லை. ஆசிய முகங்கள் நிறைந்த படம் வந்தால் படத்தைப் பாராட்டுகிறீர்கள், முகங்களைத் தாண்டிப் போய்விடுகிறீர்கள். இதற்குக் கெட்ட எண்ணம் காரணம் என்று நாங்கள் நினைக்கவில்லை. பார்க்கும் பழக்கமும் வாக்கு எண்ணும் முறையும்தான் காரணம். இரண்டையும் பற்றிச் சொல்ல எங்களிடம் சில குறிப்புகள் உண்டு. அவற்றை ஒரே நடிகரை வைத்துச் சொல்கிறோம். 'பாரசைட்' படத்தில் அப்பாவாக நடித்தவர், 2015-இல் நீங்களே உறுப்பினராக அழைத்த சக நடிகர் அவர்: சோங் காங்-ஹோ.

பழக்கம் என்று எதைச் சொல்கிறோம்? ஒரு நடிகர் எடையைக் குறைத்தால், ஒட்டு மூக்கு வைத்தால், வரலாற்றில் வாழ்ந்த ஒருவரின் குரலையும் நடையையும் பிடித்தால் உங்கள் வாக்கு அவர் பக்கம் எளிதாகச் சாய்கிறது. உழைப்பு கண்ணுக்குத் தெரிகிறது அல்லவா. சோங் காங்-ஹோவிடம் அந்தத் தடயங்கள் குறைவு. முப்பது ஆண்டுகளாக அதே வட்ட முகம், அதே தடித்த தோள், பெரும்பாலும் அதே தலைமுடி. 'தர்ஸ்ட்' படத்தில் ரத்தக்காட்டேரியாக மாறும் பாதிரியாருக்காக உடல் இளைத்தது விதிவிலக்கு. மற்றபடி அவர் மாறுவது மூன்று இடங்களில். எதிராளி பேசி முடித்த பிறகு எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார். உடலின் பாரத்தை எங்கே வைக்கிறார். பேச்சு தன்னிடம் இல்லாதபோது என்ன செய்கிறார். இந்த மூன்றையும் கவனிக்காதவருக்கு அவர் எல்லாப் படத்திலும் ஒரே ஆள் போலத்தான் தெரிவார். கவனித்தவருக்கு ஒரு பாத்திரம் இன்னொன்றின் சாயலே இல்லாமல் நிற்கும்.

அவர் 1967 ஜனவரியில் தென் கியோங்சாங் மாகாணத்தின் கிம்ஹேயில் பிறந்தவர். நடிப்புப் பள்ளியில் படித்தவர் அல்ல. நாடகக் குழுக்களில், அதுவும் ஒத்திகையிலேயே வசனத்தை உடைத்துப் பார்க்கும் குழுக்களில் வளர்ந்தவர். 1996-இல் ஹோங் சாங்-சூவின் முதல் படத்தில் சிறு வேடம். அடுத்த ஆண்டு லீ சாங்-டோங்கின் 'கிரீன் ஃபிஷ்' படத்தில் அடியாள். நிஜ ரவுடியையே கூட்டிவந்து நடிக்க வைத்துவிட்டார்களோ என்று பார்த்தவர்கள் கேட்டது கொரியாவில் பலரும் அறிந்த கதை.

அதே 1997-இல் வந்த 'நம்பர் 3' படத்தின் ஒரு காட்சியிலிருந்து தொடங்கலாம். சோ-பில் என்கிற திக்குவாய்த் தலைவன் தன் மூன்று சீடர்களுக்குப் பசியின் மகிமையைப் பற்றி வகுப்பு எடுக்கிறான். ராம்யன் நூடுல்ஸ் மட்டுமே சாப்பிட்டு ஓடி மூன்று தங்கம் வென்ற ஓட்டக்காரி என்று ஒரு பெயரைச் சொல்கிறான். அது மேசைப்பந்து வீராங்கனையின் பெயர். ஒரு சீடன் மெதுவாகத் திருத்துகிறான். அடி விழுகிறது. நான் சொன்னால் அதுதான் சரி என்பதே அங்கே பாடம். இதில் கவனிக்க வேண்டியது திக்கல். சோங் அதைச் சீராக வைப்பதில்லை. அமைதியாக இருக்கும்போது ஏறக்குறைய இல்லை. அதிகாரம் கேள்விக்குள்ளாகும் நொடியில் தொடங்கி, கோபத்தோடு சேர்ந்து ஏறி, கை ஓங்கும்போது சொல் முற்றிலும் அடைபட்டுப் போகிறது. அடிப்பதற்குக் காரணமே சொல் வராததுதான் என்று தோன்ற வைக்கிறார். சிரித்துக்கொண்டே பார்க்கும் காட்சியில் வன்முறை எங்கிருந்து பிறக்கிறது என்பதையும் காட்டிவிடுகிறார். படத்தில் அவருக்குக் கொஞ்ச நேரம்தான். இருந்தும் கொரியாவில் அந்தப் படத்தை நினைத்தால் முதலில் நினைவுக்கு வருவது இந்தத் திக்கல்தான்.

2000-இல் இரண்டு படங்கள். கிம் ஜீ-வூனின் 'தி ஃபவுல் கிங்' அவர் முதன்முதலாக நாயகனாக நடித்தது. மேலாளரிடம் கழுத்துப்பிடி வாங்கும் வங்கி எழுத்தர், இரவில் முகமூடி அணிந்த மல்யுத்த வீரனாகிறார். மற்றது பார்க் சான்-வூக்கின் 'ஜாயிண்ட் செக்யூரிட்டி ஏரியா'. அதில் வடகொரியச் சார்ஜண்ட் ஓ கியோங்-பில். எல்லைக் காவல் சாவடியில் தென்கொரிய வீரன் திருட்டுத்தனமாகக் கொண்டுவந்த சாக்கோ பையை அவர் வாய் நிறையத் திணித்துக்கொண்டிருக்கிறார். தெற்கே வந்துவிட்டால் இதை வயிறு வெடிக்கச் சாப்பிடலாமே என்று அந்த வீரனாக நடிக்கும் லீ பியோங்-ஹன் கேட்டதும் மெல்லுவது நிற்கிறது. அறையே இறுகுகிறது. அவர் வாயிலிருப்பதைக் கையில் துப்புகிறார். எங்கள் குடியரசு ஒருநாள் இந்தத் தீபகற்பத்திலேயே சிறந்த இனிப்பைச் செய்யும், அதுதான் என் கனவு, அதுவரை இதை ஏக்கத்தோடு தின்ன வேண்டியதுதான் என்கிறார். துப்பியதைத் திரும்ப வாயில் போட்டுக்கொள்கிறார்.

இந்தக் காட்சி சொதப்பிப் போகக்கூடிய வழிகளை நடிகர்களான நீங்கள் உடனே உணர்வீர்கள். துப்புவதைச் சினமாகச் செய்தால் நட்பு முறிந்துவிடும். கேலியாகச் செய்தால் மிரட்டல் போய்விடும். வசனத்தைக் கொள்கை முழக்கமாகச் சொன்னால் ஆள் பொம்மையாகிவிடுவான், சோகமாகச் சொன்னால் துரோகியாகிவிடுவான். சோங் எதையும் அழுத்துவதில்லை. எதிராளியை நேராகப் பார்த்து, கடமையைச் சொல்கிற குரலில் சொல்கிறார். திரும்ப வாயில் போடுவதில்தான் அன்பு முழுவதும் இருக்கிறது. படத்தின் பின்பகுதியில், விசாரணை மேசையில் இளையவன் உடைந்து உண்மையைக் கக்கப்போகும் நேரத்தில், அவனைக் காப்பாற்றவே அவர் பாய்ந்து உதைத்து, வடக்கின் கோஷங்களைக் கத்துகிறார். அங்கே முழக்கம்தான் முகமூடி. சாக்கோ பை காட்சியில் அவர் முழக்கமாகப் பேசாததன் பலன் அங்கே கிடைக்கிறது.

'மெமரீஸ் ஆஃப் மர்டர்' (2003) பற்றி நிறையச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அந்தப் படம் முழுவதும் ஒரு பார்வையின் கதை. 1986-இல் தொடங்கிய ஹ்வாசோங் தொடர் கொலைகளை விசாரிக்கும் உள்ளூர்த் துப்பறிவாளர் பார்க் டூ-மான், ஆளின் முகத்தைப் பார்த்தாலே குற்றவாளியா இல்லையா என்று சொல்லிவிடுவேன் என்று நம்புகிறவர். மேலதிகாரி ஒரு சோதனை வைக்கிறார். எதிரே இரண்டு பேர். ஒருவன் பாலியல் வன்முறை செய்தவன், மற்றவன் பாதிக்கப்பட்ட பெண்ணின் அண்ணன். எவன் எவன், சொல் பார்ப்போம். இயக்குநர் போங் ஜூன்-ஹோ விடையைக் காட்டாமல் வெட்டிவிடுகிறார். அதன் பிறகு சோங் தன் பாத்திரத்தின் நம்பிக்கையைச் சிறிது சிறிதாக உரிக்கிறார். முதல் பாதியில் சந்தேக ஆட்களைப் பார்க்கும்போது கண்ணை இடுக்கி, தலையைச் சாய்த்து, ஒரு வியாபாரியைப் போல மதிப்பிடுவார். இரண்டாம் பாதியில் அந்தச் சாய்வு குறைந்துகொண்டே வரும். சுரங்கப்பாதை வாயிலில், மழையில், கடைசிச் சந்தேக ஆளின் முகத்தை இரு கையாலும் பிடித்து, என் கண்ணைப் பார் என்கிறார். நீண்ட நேரம் பார்க்கிறார். பிறகு, தெரியவில்லை என்கிறார். அடுத்து வரும் கேள்வி: ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? அந்த வரி சோங் தானாகவே சேர்த்தது என்பது பரவலாகப் பதிவாகியுள்ள செய்தி. வெறுப்பும் களைப்பும் ஊர்ப்பழக்கமான அக்கறையும் கலந்து வரும் அந்தச் சில சொற்களை எந்த விளக்கக் குறிப்பும் நடிகருக்குத் தந்துவிட முடியாது.

கடைசிக் காட்சி 2003-இல் நடக்கிறது. போலீஸ் வேலையை விட்டு வியாபாரியாகிவிட்ட அவர், முதல் சடலம் கிடந்த வாய்க்காலை எட்டிப் பார்க்கிறார். இன்னொரு ஆளும் சில நாள் முன்பு இப்படி எட்டிப் பார்த்தான் என்கிறாள் ஒரு சிறுமி. எப்படி இருந்தான்? சாதாரணமாக இருந்தான். சோங் நிமிர்ந்து கேமராவைப் பார்க்கிறார். கொலையாளி என்றாவது திரையரங்கில் உட்கார்ந்து இதைப் பார்த்தால், அவன் கண்ணோடு இந்தக் கண் மோதட்டும் என்பது இயக்குநரின் எண்ணம். 2019-இல் மரபணுச் சோதனை வழியாக, ஏற்கெனவே வேறு கொலைக்காகச் சிறையில் இருந்த ஒருவனே அந்தக் குற்றவாளி என்று தெரிந்தது. அந்த முடிவு தெரிந்த பிறகும் இந்த ஷாட்டின் வலு குறையவில்லை. ஏனென்றால் சோங் அங்கே கொலையாளியை முறைக்கவில்லை. யார் வேண்டுமானாலும் இருக்கலாம் என்று உணர்ந்தவனின் திகைப்பைத்தான் காட்டுகிறார். ஈரம் கண்ணின் ஓரத்துக்கு வருகிறது, விழவில்லை.

'தி ஹோஸ்ட்' (2006) உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். ஹான் ஆற்றங்கரைப் பெட்டிக்கடையில் நாணயங்கள் கன்னத்தில் ஒட்டியிருக்கத் தூங்கும் காங்-டூ, மகளின் கையென்று நினைத்து வேறொரு சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடுவார். கூட்டு அஞ்சலி மண்டபத்தில் குடும்பமே தரையில் உருண்டு அழும் காட்சியைச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல்தான் எல்லோரும் பார்த்தோம். அதுபற்றி ஏற்கெனவே நிறைய எழுதப்பட்டிருக்கிறது, விட்டுவிடுவோம்.

அதிகம் பேசப்படாதது 'சீக்ரெட் சன்ஷைன்' (2007). ஜியோன் டோ-யியோனுக்குக் கான் விழாவில் சிறந்த நடிகை விருது வாங்கித் தந்த படம். கணவனை இழந்து மகனோடு மிரியாங் ஊருக்கு வரும் ஷின்-ஏவின் பழுதான காரைப் பார்க்க வரும் மெக்கானிக் ஜோங்-சான்தான் சோங். அப்போதே அவர் கொரியாவின் மிகப்பெரிய நட்சத்திரங்களில் ஒருவர். ஆனாலும் இந்தப் படத்தில் பெரும்பாலும் சட்டகத்தின் ஓரத்தில், சற்றே பின்னால், ஃபோகஸ் தவறும் தூரத்தில் நிற்கிறார். மகன் காணாமல் போன இரவில் ஷின்-ஏ உதவி கேட்டு அவர் பட்டறைக்கு ஓடி வருகிறாள். கண்ணாடிக்கு உள்ளே அவர் மைக் பிடித்துத் தனியாகக் கரோக்கே பாடிக்கொண்டிருக்கிறார். அவள் திரும்பிப் போய்விடுகிறாள். அவள் வந்தது அவருக்குத் தெரியாது. சோங் அந்தப் பாட்டைக் கொஞ்சமும் வேடிக்கையாக்காமல், நிஜமாகவே மகிழ்ச்சியோடு பாடுகிறார். அந்த மகிழ்ச்சி உண்மையாக இருந்தால்தான் வெளியே நிற்பவளின் தனிமை தாங்க முடியாததாகும் என்பது அவருக்குத் தெரியும். கடைசியில் அவள் தன் முடியைத் தானே வெட்டிக்கொள்ள, அவர் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இன்னொரு நடிகரின் படத்தில் கண்ணாடி பிடிக்கும் வேலையை இவ்வளவு முழுமனதோடு செய்த நட்சத்திரங்கள் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள். பன்முகத் திறமை என்று நாங்கள் சொல்வதில் இதுவும் சேர்த்தி. தலைமை வேடத்திலிருந்து ஓர வேடத்துக்கு இறங்கும்போது ஒளியின் அளவையும் தானே குறைத்துக்கொள்ளத் தெரிந்தவர் அவர்.

'ஸ்னோபியர்சர்' (2013) ஆங்கிலப் படம். அதில் அவர் கொரிய மொழியில்தான் பேசுகிறார். ரயிலின் இயந்திரப் பெட்டிக் கதவுக்கு முன் கிறிஸ் எவன்ஸ் தன் பழைய பாவங்களைச் சொல்லும் நீண்ட ஆங்கில வசனத்தை மறுபடி பாருங்கள், ஆனால் சோங்கைப் பார்த்துக்கொண்டே. உலகின் கடைசிச் சிகரெட்டைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருக்கிறார். இரக்கமும் காட்டவில்லை, அருவருப்பும் காட்டவில்லை. அவர் மனதில் வேறு கதவு இருக்கிறது, ரயிலுக்கு வெளியே திறக்கிற கதவு. அதைப் பிறகு அவர் சொல்லும்போது நமக்கு வியப்பு வருவதில்லை, ஏற்கெனவே அந்த முகத்தில் படித்துவிட்டோம்.

அடுத்து வரலாற்றுப் படங்கள். 'தி அட்டர்னி' (2013) 1981-இல் பூசானில் நடந்த ஒரு வழக்கையும், பின்னாளில் அதிபரான ரோ மூ-ஹியோனின் வழக்கறிஞர் வாழ்க்கையையும் தழுவியது. வரி வழக்குகளில் பணம் பார்த்த வக்கீல், சித்திரவதைக்குள்ளான மாணவனுக்காக வாதாடுகிறார். நீதிமன்றத்தில், இறையாண்மை மக்களிடம் உள்ளது என்கிற அரசியலமைப்பின் முதல் சட்டப்பிரிவை அவர் கத்திச் சொல்லும் இடம் கொரியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் திரையரங்கில் பார்த்தது. அதன் பிறகு அப்போதைய அரசு வைத்திருந்த கலைஞர்களின் கறுப்புப் பட்டியலில் அவர் பெயரும் இருந்தது. இரண்டு ஆண்டு கழித்து 'தி த்ரோன்' படத்தில் நேர் எதிர்ப்பக்கம்: மகனை அரிசிப் பெட்டிக்குள் அடைத்துச் சாகவிட்ட யோங்ஜோ மன்னர். அதிகாரத்தை எதிர்த்துக் கத்திய அதே தொண்டை, அங்கே கரகரத்து, எரிச்சலும் அச்சமும் கலந்த கிழக் குரலாகிறது. மக்கள் வக்கீலையும் மகனைக் கொன்ற மன்னரையும் ஒரே நடிகர் இவ்வளவு நெருக்கமான காலத்தில் செய்தார் என்பதை எண்ணும்போது எங்களுக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது.

'எ டாக்ஸி டிரைவர்' (2017) ராணுவ ஆட்சியை எதிர்த்து 1980-இல் குவாங்ஜூ நகரில் நடந்த மக்கள் எழுச்சியைப் பற்றியது. ஒரு லட்சம் வோன் வாடகைக்கு ஆசைப்பட்டு ஜெர்மன் செய்தியாளரை ஏற்றிச் சென்ற சோல் டாக்ஸி ஓட்டுநர், நடப்பதைக் கண்டு பயந்து, அவரை விட்டுவிட்டுத் தப்பி வருகிறார். வழியில் ஒரு கடையில் நூடுல்ஸும் சோற்று உருண்டையும் சாப்பிடுகிறார். மகளுக்குப் புதுச் செருப்பு வாங்கியாயிற்று. வண்டியில் ஏறி, உற்சாகமான பழைய பாட்டொன்றைப் பாடிக்கொண்டே ஓட்டுகிறார். இதை அவர் எந்த வரிசையில் செய்கிறார் பாருங்கள். முதல் வரியில் தாளம் சரியாக இருக்கிறது. பிறகு குரல் சுருதியிலிருந்து நழுவுகிறது. அதை மறைக்க இன்னும் சத்தமாகப் பாடுகிறார். மூச்சு அறுகிறது. பாட்டு நின்ற பிறகும் வாய் அசைகிறது. அழுகை கடைசியில்தான் வருகிறது, அதுவும் ஸ்டியரிங்கைப் பிடித்த கை ஏற்கெனவே முடிவெடுத்துவிட்ட பிறகு. வண்டியைத் திருப்புகிறார். மகளுக்குப் போன் செய்து, அப்பா ஒரு பயணியை விட்டுவிட்டு வந்துவிட்டேன் என்கிறார்.

இனி 'பாரசைட்'. கி-டேக் என்கிற தோற்றுப்போன அப்பாவின் வேடத்தை ஏன் உங்கள் வாக்குச் சீட்டில் எழுதத் தோன்றவில்லை? எங்கள் கணிப்பு இது: படத்தில் அவர் பெரும்பாலும் எதுவும் செய்யாதவராகத் தெரிகிறார். தெருவில் பூச்சி மருந்துப் புகை அடிக்கும்போது மற்ற மூவரும் இருமுகிறார்கள், அவர் மட்டும் புகைக்குள் உட்கார்ந்து பீட்ஸா பெட்டி மடித்துக்கொண்டிருக்கிறார். அந்த உணர்வற்ற முதுகை நினைவில் வையுங்கள். பிறகு ஓர் ஒத்திகைக் காட்சி வரும். பணிப்பெண்ணை வேலையிலிருந்து விரட்டச் சொல்ல வேண்டிய பொய்யை மகன் எழுதித் தர, அப்பா பேசிப் பழகுகிறார். உணர்ச்சி அதிகம், கொஞ்சம் இறக்குங்கள் என்று மகன் திருத்துகிறான். அதாவது சோங் இங்கே நடிக்கத் தெரியாத ஒருவராக நடிக்கிறார், பிறகு திருத்தம் கேட்டு முன்னேறும் ஒருவராக நடிக்கிறார், பிறகு வீட்டு எஜமானியின் முன் அதே வரியைத் தேர்ந்த நடிகராக வீசுகிறார். மூன்று தரத்தில் ஒரே வசனம். அதிலும் முதல் தரம் கேலிச்சித்திரமாக இல்லை. ஆர்வக்கோளாறுள்ள புதுமுகம் எந்த அளவு மிகைப்படுத்துவானோ அந்த அளவு மட்டும்தான். நடிப்புப் பட்டறைகளில் பாடமாக வைக்கலாம்.

அவருடைய ஒரு கேள்வியையும் பின்தொடருங்கள். காரில், மனைவிக்கு வீட்டு வேலை வராது என்று முதலாளி பார்க் அலுத்துக்கொள்ளும்போது, இருந்தாலும் அவரை நேசிக்கிறீர்கள்தானே என்று கேட்கிறார். பார்க் சிரித்துச் சமாளிக்கிறார். அந்தக் கேள்வியில் ஓட்டுநரின் எல்லை ஒரு விரற்கடை மீறப்படுகிறது. கடைசியில், தோட்டத்துப் பிறந்தநாள் விருந்தில், தலையில் இறகுகளோடு புதருக்குப் பின்னே இருவரும் பதுங்கியிருக்க, ஏறத்தாழ அதையே திரும்பச் சொல்கிறார். இந்த முறை பார்க் சிரிக்கவில்லை. இதுவும் சம்பளத்தில் சேர்ந்த வேலை என்று நினைத்துக்கொள்ளச் சொல்கிறார். இரண்டு முறையும் சோங்கின் குரலில் வஞ்சம் இல்லை. முதல் முறை ஆண்பிள்ளைகளுக்கிடையிலான நெருக்கத்தைத் தேடுகிறார், இரண்டாம் முறை அது கிடைக்காது என்று தெரிந்தே கேட்கிறார். இடையில் நடந்தது: சோபா மேசைக்கு அடியில் பிள்ளைகளோடு படுத்துக்கொண்டு, தன் உடல் நாற்றத்தைப் பற்றி முதலாளி பேசுவதைக் கேட்டது. பிறகு சட்டைக் காலரை முகர்ந்து பார்த்தது. மறுநாள் காரில் எஜமானி மூக்கைப் பிடித்து ஜன்னலை இறக்கியது. இந்த மூன்று இடத்திலும் அவருக்கு வசனம் இல்லை. கத்தி ஏறும் நொடிக்கான கணக்கு முழுவதும் இந்த வசனமில்லாத இடங்களில்தான் கூடுகிறது. பார்க் மூக்கைப் பொத்துகிறார், அவ்வளவுதான், தொகை நிறைந்துவிட்டது.

இப்படிப்பட்ட நடிப்பு பரிந்துரையில் எப்படித் தவறுகிறது என்பதற்குக் கணக்கு வழக்கும் உண்டு. உங்கள் பிரிவில் 1,200 சீட்டுகள் வந்தன என்று வைத்துக்கொள்வோம். ஐந்து இடங்கள். ஒவ்வொரு சீட்டிலும் பெயர்கள் விருப்ப வரிசையில் இருக்கும். 1,200-ஐ ஆறால் வகுத்து ஒன்று கூட்டினால் 201. அந்த அளவு முதல் விருப்ப வாக்கு யாருக்குக் கிடைத்ததோ அவர் உள்ளே. மீதியில் முதல் விருப்பம் மிகக் குறைவாக உள்ளவர் முதலில் வெளியே போகிறார், அவருடைய சீட்டுகள் அடுத்த பெயருக்கு நகர்கின்றன. நானூறு பேர் ஒரு நடிப்பை மிகச் சிறப்பு என்று கருதி, மரியாதைக்காக நான்காவது இடத்தில் எழுதினால், அந்த நடிகர் முதல் சுற்றுகளிலேயே நீக்கப்பட்டுவிடுவார். நானூறும் வீண். பிறமொழி நடிப்புகளுக்கு இந்த நான்காவது இட மரியாதைதான் பெரும் எதிரி.

அடுத்தது வகைக் குழப்பம். ஒரு வேடம் தலைமையா துணையா என்பதை ஒவ்வொரு உறுப்பினரும் தாமே தீர்மானிக்கலாம் என்பது உங்கள் விதி. ஆனால் தலைமைப் பிரிவில் விழும் வாக்கும் துணைப் பிரிவில் விழும் வாக்கும் ஒன்றாகக் கூட்டப்படுவதில்லை. 'பாரசைட்' படத்தில் இரண்டு குடும்பங்களும் நிலவறை ஜோடியும் சேர்த்துப் பத்துப் பேர். யார் தலைமை என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். சோங்கைத் துணை நடிகராக முன்வைத்தார்கள், லாஸ் ஏஞ்சலஸ் விமர்சகர் சங்கமும் அந்த வகையில்தான் அவருக்கு விருது தந்தது. அந்த ஆண்டு துணை நடிகர் பட்டியலில் இருந்தவர்கள் டாம் ஹாங்க்ஸ், ஆன்டனி ஹாப்கின்ஸ், அல் பசினோ, ஜோ பெஸ்ஸி, பிராட் பிட். ஐவருமே அதற்கு முன்பே ஆஸ்கர் வாங்கியவர்கள். அவர்கள் திறமையில் எங்களுக்குத் துளியும் ஐயமில்லை. பழகிய பெயர்கள் முதல் மூன்று இடங்களை எப்படி நிரப்புகின்றன என்பதற்காகச் சொல்கிறோம்.

மூன்றாவது, நேரம். அந்த ஆண்டு விழா வழக்கத்தைவிட முன்னதாக நடந்தது. பரிந்துரை வாக்களிப்பு ஜனவரி 7-ஆம் தேதியே முடிந்து, 13-ஆம் தேதி பட்டியல் வெளியானது. திரை நடிகர் சங்க விருதில் 'பாரசைட்' குழுவுக்கு ஒட்டுமொத்த நடிப்புக்கான விருது கிடைத்து, அரங்கமே எழுந்து நின்றது 19-ஆம் தேதி. அந்தச் சங்கத்தில் இருக்கும் பலர் உங்கள் பிரிவிலும் இருக்கிறார்கள். கைதட்டல் வந்தபோது பட்டியல் மூடப்பட்டுவிட்டது. இறுதிச் சுற்றில் வாக்களிக்க அந்தப் பிரிவின் எல்லாப் படங்களையும் பார்த்திருக்க வேண்டும் என்று 2025-இல் அகாடமி கொண்டுவந்த விதி நல்ல விதி. ஆனால் பரிந்துரைச் சுற்றுக்கு அது பொருந்தாது. நாங்கள் சொல்லும் சிக்கல் முழுவதும் பரிந்துரைச் சுற்றில்தான் இருக்கிறது.

ஆகவே சில வேண்டுகோள்கள். அகாடமியின் இணையத் திரையிடல் தளமான ஸ்கிரீனிங் ரூமில் கொரியப் படம் பார்க்கும்போது, மனதைத் தொட்ட காட்சியை உடனே ஒருமுறை சப்டைட்டிலை அணைத்துப் பாருங்கள். இரண்டு வரி எழுத்தைப் படிக்கும் நேரத்தில் கண் திரையின் அடிப்பகுதியில் இருக்கும். சோங் தன் வேலையைச் செய்வது பெரும்பாலும் வரிக்கு முந்தைய நொடியில். வரி தோன்றும்போது அது முடிந்திருக்கும். கட்டாயம் ஹெட்போன் போடுங்கள், டப்பிங்கைத் தவிருங்கள். கியோங்சாங் பேச்சு வழக்கில் சுருதி ஏறி இறங்கும், சோல் பேச்சு வழக்கு அதைவிடத் தட்டையானது. மிரியாங் மெக்கானிக்கும் பூசான் வக்கீலும் ஒரு வழக்கு, வடகொரியச் சார்ஜண்ட் வேறு, அரண்மனை மன்னர் முற்றிலும் வேறு. கொரிய மொழி தெரியாத காதுக்கும் இந்த வேறுபாடு கேட்கும், கேட்க முனைந்தால். மூன்றாவது முறை, எதிரே பேசுகிறவரை விட்டுவிட்டு இவரை மட்டும் பாருங்கள்.

தொடங்கும் வரிசையையும் சொல்லிவிடுகிறோம். 'ஜாயிண்ட் செக்யூரிட்டி ஏரியா' 110 நிமிடம். 'மெமரீஸ் ஆஃப் மர்டர்' 130 நிமிடத்துக்குச் சற்று மேல். 'சீக்ரெட் சன்ஷைன்' 142 நிமிடம், இதை வேறெதோடும் சேர்த்து ஒரே நாளில் பார்க்காதீர்கள். பிறகு 'தி த்ரோன்', 'எ டாக்ஸி டிரைவர்', கடைசியாக மறுபடி 'பாரசைட்'. இந்த வரிசையில் போனால் கி-டேக்கின் அசைவற்ற முகம் எத்தனை முகங்களைக் கடந்து வந்து அங்கே நிற்கிறது என்பது விளங்கும். நேரம் இருந்தால் ஜப்பானிய இயக்குநர் கொரே-எடாவின் 'புரோக்கர்' (2022). கைவிடப்பட்ட குழந்தைகளை விற்கத் துணியும் சலவைக்கடைக்காரரை இவ்வளவு கனிவாகக் காட்டியதற்குக் கான் விழா அவருக்குச் சிறந்த நடிகர் விருது தந்தது. அந்த விருதை வென்ற முதல் கொரிய நடிகர் அவர். இயக்குநருக்குக் கொரிய மொழி தெரியாது என்பதும் நினைவிருக்கட்டும். மொழி தெரியாத ஒருவர் அவரை முழுதாகப் பார்க்க முடிந்திருக்கிறது.

மதிப்புறு விருது வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. அது ஆளுநர் குழுவின் முடிவு. அவரும் ஓய்வை நெருங்கியவர் அல்ல. 2024-இல்தான் 'அங்கிள் சாம்சிக்' வழியாக முதன்முறை தொடர் பக்கமே வந்தார், பதினாறு பகுதிகள். நாங்கள் கேட்பது போட்டிப் பட்டியலில் நேர்மையான இடம். அடுத்த முறை அவர் படம் உங்கள் திரைக்கு வரும்போது, பிரசாரத் தாள் எந்த வகையில் போட்டிருக்கிறது என்பதைச் சக உறுப்பினர்களோடு முன்கூட்டியே பேசி, ஒரே வகையில் எழுதுங்கள். சிறந்தது என்று தோன்றினால் முதலிடத்தில் எழுதுங்கள். பரிந்துரை வாக்களிப்பு தொடங்குவதற்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே பார்த்துவிடுங்கள், இரண்டாம் முறை பார்க்க அவகாசம் இருக்கும். அவருக்கு மட்டும் அல்ல, ஜியோன் டோ-யியோனுக்கும் சோய் மின்-சிக்குக்கும் லீ பியோங்-ஹன்னுக்கும், இன்னும் நீங்கள் பெயர் அறியாத பலருக்கும் இதே முறை பொருந்தும்.

அன்புடனும் எதிர்பார்ப்புடனும்,
கொரியப் படங்களைத் தொடர்ந்து பார்த்து வரும் தமிழ் ரசிகர்கள்